யாரும் திறக்காத குழாய்

அந்தத் திரையில் எண்கள் பச்சையாக எரிந்தனவா நீலமாக எரிந்தனவா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நானே கடையில் பார்த்து வாங்கியது. நானே பெட்டியில் துளை வெட்டிப் பொருத்தியது. பச்சை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைக்கும்போதே கார் ஷெட்டின் சுவரில் நீல வெளிச்சம் விழுந்து கிடப்பதும் கண்ணில் தெரிகிறது. மனிதனின் நினைவு அவ்வளவுதான். ஆகவே நான் சொல்வதில் நிறமோ கிழமையோ மாறியிருக்கலாம். செய்தவை எதுவும் மாறவில்லை.

பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் பஸ்கள் ஒடித்துத் திரும்பும் வளைவில் எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஆள் உயர மதில். அதில் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து இடித்துவிட்ட ஒரு வழி உண்டு. நான் ஒரு பாலிடெக்னிக்கில் அளவுக் கருவிகள் ஆய்வகத்தில் இருந்தேன். ஓய்வுக்கு முன்பே வேலையை விட்டேன். மாணவர்களின் சத்தம் தாங்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதன் பிறகு புத்தகம் படிக்கிறேன். என் மனைவி பிரேமகுமாரி அதிகம் பேசாதவள். எங்கள் வீட்டில் கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை.

மதிலுக்கு அந்தப்புறம் தாசையன். உல்லாசக் கப்பல்களில் மதுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். மனைவி சாராம்மா, கல்லூரியில் படிக்கும் மகள் அனுமோள். வந்ததும் காரை விற்றான். காலியான ஷெட்டில் ஒரு பழைய பிரிட்ஜை நிறுத்தி, உள்ளே ஓர் எஃகு பீப்பாயை வைத்து, கதவில் துளை போட்டுக் கப்பலில் உள்ளதுபோல ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தினான். பியரை அவனே காய்ச்சினான். வீட்டில் காய்ச்சுவது சட்டத்துக்கு ஒத்ததல்ல. அதனால் அந்த ஷெட்டுக்கு வெளியாட்கள் வருவதில்லை. ஏதாவது பழுதென்றால் பார்க்க நான் மட்டுமே உண்டு.

திரை அவனுடைய ஆசைதான்.

"எலே சந்திரா, கப்பல்ல குழாயைத் திறந்தா எவ்வளவு ஊத்தினோம்னு எண் எழுதிக் காட்டும் கேட்டியா. அது மாதிரி ஒண்ணு நமக்கு வேணும்."

"எதுக்கு? நீ குடிக்கியது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடே. அதாக்கும் எனக்க பிரச்சினை."

செய்து கொடுத்தேன். பியர் வரும் வழியில் ஒரு சின்ன மீட்டர். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் சக்கரம். பியர் ஓடினால் சக்கரம் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு வயர் வழியாகப் பெட்டிக்குப் போகும். பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணி, லிட்டராக்கித் திரையில் காட்டும். பெட்டிக்குத் தெரிந்தது துடிப்பு மட்டுமே. அது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

தொடக்கத்தில் இரண்டு கோளாறுகள் இருந்தன. இரண்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று நுரை. குழாயைத் திறந்ததும் வரும் நுரை சக்கரத்தை வெறிகொண்டு சுற்றவைத்தது. ஊற்றியதைவிடக் கூடுதலாக எண் ஏறியது. பிரிட்ஜின் குளிரையும் வாயுவின் அழுத்தத்தையும் திருத்தி, லிட்டர் ஜாடியில் பிடித்துப் பிடித்துப் பார்த்து அதைச் சரிசெய்தேன். மற்றது கொஞ்சம் வேடிக்கையானது. யாரும் குழாயைத் தொடாதபோதே எண் ஏறியது. தாசையன் குவளையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எலே, ஒனக்க மெஷினு நம்மளைவிடப் பெரிய குடிகாரனாக்கும். நாம நோக்கிட்டு இருக்கும்போதே தனியாட்டு குடிக்குது பாரு."

காரணம் பிரிட்ஜ். அதன் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் மின்சாரத்தில் ஓர் உதறல். பக்கத்தில் கிடந்த மீட்டர் வயர் அதை வாங்கிக்கொண்டது. பெட்டி அதையும் பியர் என்று எண்ணியது. செம்பு வலை போர்த்திய வயராக மாற்றி, வலையின் நுனியை முறுக்கிப் பெட்டியின் உலோக உடலில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். உதறல் அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும். எண் அசையாமல் நின்றது. தாசையன் எனக்கு ஒரு குவளை ஊற்றித் தந்தான். நான் எப்போதும் ஒன்றோடு நிறுத்திக்கொள்பவன்.

அந்த மாலைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. குடித்தால் பேசுகிறவர்கள்தான் அதிகம். தாசையன் நேர்மாறு. இரண்டு குவளைக்குப் பிறகு அவன் வாய் அடைத்துவிடும். ஷெட்டில் இரண்டு நாற்காலிகள். அவன் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் படித்துக்கொண்டிருப்பேன். மழை தகரத்தில் விழும், நிற்கும். பஸ் வளைவில் கியர் மாற்றும். ஒரு மணி நேரம், சில நாட்களில் அதற்கும் மேல், இரண்டு பேரும் ஒரு சொல் பேசமாட்டோம். என் ஆயுளில் இன்னொரு மனிதனோடு அப்படி இருக்க முடிந்தது அங்கே மட்டும்தான்.

நான் எழுந்து போன பிறகும் அவன் குடிப்பான். அதன் பிறகு அவன் வேறு ஆள் என்று சாராம்மா சொல்லியிருக்கிறாள். நான் பார்த்ததில்லை. ஒருநாள் அனுமோளைச் சுவரோடு தள்ளியதில் அவள் மணிக்கட்டு எலும்பு ஒடிந்தது. காலையில் கட்டுப்போட்ட கையோடு நின்ற மகளைப் பார்த்து, "பஸ்சுல விழுந்தியா மக்ளே?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு எதுவும் ஓர்மை இல்லை. அன்றே தாயும் மகளும் வெள்ளறடையில் சாராம்மாவின் அண்ணன் ராஜையா வீட்டுக்குப் போனார்கள். சில நாட்கள் கழித்துத் தாசையனை வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான். டாக்டர் சின்னப் பெண். கல்லீரல் பாதி போய்விட்டது, இனிமேல் குடித்தால் ரத்தம் கக்கித்தான் முடியும் என்று மலையாளத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

அவன் நிறுத்திவிட்டான். அது எனக்கு வியப்பாக இருந்தது. கை நடுங்கியது, வியர்த்தது, சுவரைப் பிடித்து நடந்தான். ஆனால் நிறுத்திவிட்டான். ராஜையா வந்து பார்த்துவிட்டு, தங்கையையும் அவள் மகளையும் கூட்டிவந்து விட்டார். இனி ஒரு சொட்டு குடித்தாலும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவோம் என்பது பேச்சு.

பீப்பாயில் அப்போது புதிதாகக் காய்ச்சிய பியர் விளிம்புவரை இருந்தது. கொட்டிவிடலாம் என்றாள் சாராம்மா. தாசையன் சம்மதிக்கவில்லை.

"கொட்டினா என்ன தெளியும்? வேற எடத்துல போய்க் குடிக்கியான்னு நீ சந்தேகப்படுவே. அது இஞ்சயே இருக்கட்டு. தெனமும் காலத்த வந்து எண்ணைப் பாரு. அது அசையாது. அதாக்கும் எனக்க சாட்சி."

வீண் பெருமைதான். ஆனால் அவன் முகத்தில் அப்போது இருந்த தெளிவை நான் இன்னும் மறக்கவில்லை. பெட்டிக்குத் தனி பேட்டரி வைத்திருந்ததால் திரை எப்போதும் எரியும். கரண்ட் செலவுக்குப் பயந்து பிரிட்ஜை மட்டும் சாராம்மா பகலில் நிறுத்தி வைப்பாள். பகல் சூடு தங்கிப் பீப்பாய் பொங்கிவிடக்கூடாது என்று படுக்கப் போகும்போது அவளே சுவிட்சைப் போடுவாள். காலையில் வந்து எண்ணைப் பார்ப்பாள். எண் அப்படியே இருக்கும். ஒரு மழைக்காலத்தின் முதல் பாதி அப்படிப் போயிற்று. அந்த வீட்டில் மீண்டும் மீன் பொரிக்கும் மணம் வந்தது. அனுமோள் கல்லூரி விட்டு வந்து அப்பாவோடு சீட்டாடுவாள். தோற்றவர் தேங்காய் துருவ வேண்டும். எப்போதும் தாசையனே துருவினான்.

குடியை விட்ட தாசையன் பேசத் தொடங்கினான்.

மாலைகளில் அவன் வழக்கம்போல ஷெட்டுக்கு வந்தான். கையில் பால் விடாத கட்டன் சாயா. நான் புத்தகத்தை விரித்ததும் ஆரம்பித்துவிடுவான். சபையில் சாட்சி சொல்லப் போவதை என்னிடம் ஒத்திகை பார்ப்பான். பெருங்கடவிளை சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலை சொல்வான். ஆட்டுப்பண்ணை வைக்கலாமா, கோழிப்பண்ணையா என்பான். "எலே புத்தகப்பூச்சி, அதுல என்னதான் எழுதியிருக்கு, வாய்விட்டுப் படியேன், நானும் கேட்டுக்கிடுதேன்" என்பான். பதில் சொல்லாமல் இருந்தால் பாட்டு. நல்ல மனிதன், மகிழ்ச்சியாக இருந்தான், அதை எல்லோருக்கும் பங்கு வைத்தான். ஒரு பக்கத்தை நான் ஐந்தாறு முறை படிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனாலும் மதிலுக்கு மேலாக அவன் சிரிப்பு வரும். நான் அவனிடம் கோபம் கொண்டதில்லை. இதை நம்ப வேண்டும். எனக்கு உரியதாக இருந்த ஒன்றை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான், எடுத்தது அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலையில் சாராம்மா மதில் வழியே வந்து நின்றாள்.

"சந்திரண்ணே, ஒண்ணு வந்து நோக்குங்க. எனக்கு மனசு சரியில்ல."

எண் ஏறியிருந்தது. ஒரு குவளையளவு. தாசையன் பிரிட்ஜின் பக்கத்தில் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். "நான் தொடல்ல சந்திரா. வேதத்துமேல கைவெச்சுச் சொல்லுதேன். நீ மெஷினை நோக்கு" என்றான். அனுமோள் என் முகத்தையே பார்த்தாள்.

பெட்டியைத் திறந்தேன். பார்த்த உடனே தெரிந்தது. மழை ஈரத்தில் ஈயம் விட்டு, செம்பு முறுக்கு பெட்டியின் உடலிலிருந்து ஒரு நகக்கீறல் தூரம் விலகி நின்றது. பிரிட்ஜைப் போடும்போது வரும் உதறல் மண்ணுக்குப் போக வழியில்லாமல் எண்ணாக மாறியிருக்கிறது. முந்தைய நாள் படுக்கப் போகும்போது சுவிட்சைப் போட்ட சாராம்மாதான், கணக்குப்படி, அந்தக் குவளையை ஊற்றியவள். பற்றவைக்க இரண்டு நிமிடம் போதும். பற்றவைக்கும் சின்ன ஈயக்கோல் என் சட்டைப் பையில் இருந்தது.

அப்போது தாசையன் பேசிக்கொண்டே இருந்தான். பேசாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை.

பெட்டியை மூடினேன். "மெஷினு சரியாட்டு இருக்கு" என்றேன்.

சாராம்மா உள்ளே போய்விட்டாள். மகளும் பின்னாலேயே போனாள். தாசையன் என் தோளைப் பிடித்தான்.

"எலே, செஞ்ச புதுசுல பிரிட்ஜைப் போடும்போ எண் தானாட்டு ஏறிச்சே. நான்கூட மெஷினு குடிக்குதுன்னு சொல்லிச் சிரிச்சேனே. ஒனக்கு ஓர்மை இல்லியா?"

"அது நுரை, தாசா. குழாயைத் திறக்கும்போ நுரை வந்து எண் கூடிச்சு. யாரும் தொடாம ஏறினதா எனக்கு ஓர்மை இல்ல."

"இல்லடே, நீ வயரை மாத்தினே."

"வயரை மாத்தினேன். அது நீளம் பத்தாம. அன்னைக்கு நீ நல்ல போதையில இருந்தே."

அவன் கை என் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. தாடையைத் தடவிக்கொண்டான். "எனக்கு அப்படியாக்கும் ஓர்மை" என்றான், சத்தமில்லாமல். அன்று மாலை ஷெட்டில் அவன் அதிகம் பேசவில்லை. நான் ஓர் அத்தியாயம் முழுவதும் படித்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்கள் ஏறும், சில நாட்கள் ஏறாது. அது மின்சாரத்தின் போக்கு. ஏறிய காலைகளில் அந்த வீட்டில் பாத்திரங்கள் சத்தத்தோடு வைக்கப்படும். தாசையன் முதலில் சத்தியம் செய்தான், பிறகு கத்தினான், பிறகு அழுதான். ராஜையாவுக்குச் செய்தி போயிற்று. அவர் ரப்பர் கடை வைத்திருப்பவர், எதையும் எடைபோட்டு நம்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவதாகவும், வந்து பீப்பாயைத் தூக்கிப் பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினார். தூக்கினால் உண்மை தெரிந்துவிடும். பீப்பாயிலிருந்து ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை.

மீட்டர் ஒன்று சொல்லி பீப்பாய் வேறொன்று சொன்னால் அதற்குப் பெயர் பிழை. ஆய்வகத்தில் பிழை இருந்தால் திருத்தாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. ஞாயிறு காலை மூன்று பேரும் ஆராதனைக்குப் போன பிறகு ஷெட்டுக்குப் போனேன். முதலில் மீட்டர் வயரைக் கழற்றினேன், ஊற்றுவது இரண்டாவது தடவை எண்ணப்படக் கூடாது. பிறகு திரை சொன்ன அளவை ஜாடியில் பிடித்துப் பிடித்து வாழை மூட்டு மண்ணில் ஊற்றினேன். வயரை மாட்டினேன். மீட்டரும் பீப்பாயும் ஒத்துப்போயின. வீட்டுக்கு வந்தபோது பிரேமகுமாரி, "வேட்டியில பியர் மணம் வருது" என்றாள். குழாய் ஒழுகுகிறது என்றேன். அவள் வேட்டியை ஊறவைத்தாள்.

ராஜையா பீப்பாயை இரண்டு கையாலும் தூக்கி, ஆட்டிப் பார்த்து, கீழே வைத்துவிட்டுத் தங்கை கணவனைப் பார்த்தார்.

"அளியா, மெஷினு கள்ளம் பறயும்னு வெச்சுக்கிடுவோம். பீப்பாயும் பறயுமா?"

தாசையன் தானும் ஒருமுறை தூக்கிப் பார்த்தான். அவன் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொய் சொல்லி அகப்பட்டவனின் முகம் அல்ல அது. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வழி கேட்கிறவன் முகம்.

அன்றே அவர்கள் போயிருப்பார்கள். தடுத்தவள் அனுமோள். அவள் அப்பாவை நம்ப விரும்பினாள். மதில் வழியே என்னிடம் வந்தாள்.

"மாமா, அப்பா அறியாம ஒறக்கத்துல எந்திரிச்சுக் குடிக்கியதா அம்மா சொல்லுது. நான் அப்பாவை முறியில வெச்சுப் பூட்டப்போறேன். சாவி எனக்க கிட்ட இருக்கும். அப்பா உள்ள கெடக்கும்போ எண் ஏறிச்சுன்னா, வேற என்னமோ கோளாறு. அப்படித்தானே?"

"அப்படித்தான் மக்ளே. நல்ல சோதனை" என்றேன். உண்மையில் நல்ல சோதனை. என் மாணவர்களில் ஒருவனுக்கும் அது தோன்றியிருக்காது. "அப்பாவைப் பூட்டாம ஒரு நாளும் பாக்கணும். ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் முடிவு சொல்லலாம்" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவனைப் பூட்டப் போகும் நாளில், மாலையிலேயே ஒரு சின்ன கிளிப்பால் செம்பு முறுக்கைப் பெட்டியோடு சேர்த்துக் கவ்வவைத்தேன். காலையில் எண் அசைந்திருக்கவில்லை. மறுநாள் கிளிப்பை எடுத்தேன். அவன் பூட்டாத அறையில் தூங்கினான், எண் ஏறியது. அதற்குரிய பியரை நேரம் பார்த்து வாழைக்கு ஊற்றினேன். அனுமோளுக்குத் திருப்தியில்லை, இன்னொரு முறை செய்து பார்த்தாள். முடிவு அதேதான். பூட்டினால் நிற்கிறது, திறந்துவிட்டால் ஏறுகிறது. அவள் கையிலிருந்த சாவியைப் பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவளுடைய சோதனை அது. நான் கருவியை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ராஜையா கார் கொண்டுவந்தார். பீப்பாயைக் கொட்டிவிட்டுப் போகட்டுமா என்று சாராம்மா கேட்டபோது, "வேண்டாம். குத்தம் பீப்பாயில இல்ல" என்றார். தாசையன் காரின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாராம்மா, நான் குடிச்சிருந்தா எனக்கு வாயில மணம் வராதா? நீ பக்கத்துல தானே கெடந்தே?"

"எனக்கு இருபது வருஷமாட்டு அந்த மணம்தான் வருது. இருக்கும்போதும் வரும், இல்லாதபோதும் வரும். எனக்கு இனி ஆவாது."

அனுமோள் கண்ணாடியை ஏற்றினாள். நான் மதிலருகே நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். கார் கிளம்ப நேரமாயிற்று, ராஜையா சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை என்பதையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகும் தாசையன் சில நாட்கள் குடிக்காமல் இருந்தான். பிரிட்ஜை இப்போது அவனே போட்டான், காலையில் அவனே எண்ணைப் பார்த்தான். ஏறியிருந்தால் தன் உள்ளங்கைகளை மூக்கருகே வைத்து முகர்வான். கால் பாதத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். என்னிடம் வந்து, தூங்கும்போது தன் கையைக் கட்டிலோடு கட்டிவிடச் சொன்னான். மனிதனை அப்படிக் கட்டுவது சரியல்ல என்று மறுத்துவிட்டேன்.

ஒரு மாலை அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். உள்ளங்கைகளை ஒருமுறை முகர்ந்தான். பிறகு சொன்னான்.

"அறியாம குடிச்சுச் சாவியதுக்கு அறிஞ்சே குடிக்கலாம் இல்லியா மக்கா? ருசியாவது தெரியும்."

குவளை என் பக்கத்து அலமாரியில் இருந்ததால் எடுத்துக் கொடுத்தேன். குழாயைத் திறந்தது அவன். இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் அவனுக்கு ஊற்றிக் கொடுத்ததில்லை.

இரண்டு குவளைக்குப் பிறகு அவன் ரப்பர் மரங்களைப் பார்க்கத் தொடங்கினான். அந்த மழைக்காலத்தின் மிச்சம் முழுவதும் நாங்கள் அப்படி இருந்தோம். நான் பெரிய புத்தகங்களாக எடுத்து வந்தேன். தகரத்தில் மழை விழுந்தது, நின்றது. பீப்பாய் தீர்ந்தபோது அவன் மறுபடி காய்ச்சினான். அவன் கண் மஞ்சளாவதையும் வயிறு ஊதுவதையும் பார்த்தேன். ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்து, "நீ மட்டும் விட்டுட்டுப் போகல்ல பாத்தியா" என்றான். அதுதான் அந்த மாலைகளில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு.

ஒரு விடியற்காலையில் பால்காரன் கூப்பிட்டுப் போனேன். தாசையன் ஷெட்டின் தரையில் கிடந்தான். டாக்டர் சொன்னபடியேதான் நடந்திருந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மறுநாள் இறந்தான். அடக்கத்தின்போது சாராம்மா அழவில்லை. குடித்தே செத்தான் என்று ஊர் சொன்னது. அது உண்மை.

வீட்டை வாடகைக்கு விடுவதற்காகச் சாமான்களை ஒதுக்க அனுமோள் தனியாக வந்தாள். பீப்பாயை ராஜையா முன்பே பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்க்கடையில் போட்டுவிட்டிருந்தார். பிரிட்ஜை யாரோ விலைக்குக் கேட்டதால் ஓடுகிறதா என்று பார்க்க அவள் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். பிறகு அணைத்திருக்கிறாள், மறுபடி போட்டிருக்கிறாள். எத்தனை முறை என்று தெரியாது. மதில் வழியே அவள் வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"மாமா, பீப்பாய் இல்ல. பியர் இல்ல. அப்பாவும் இல்ல. எண் ஏறுது."

உட்காரச் சொன்னேன். பிரேமகுமாரி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகே நின்றாள். இங்கே உங்களுக்குச் சொன்னதை அனுமோளுக்கும் இதே வரிசையில் சொன்னேன். ஈயம் விட்ட கம்பி, வாழை மூடு, கிளிப். எதையும் மறைக்கவில்லை. உண்மையைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருந்தது. அவளுடைய சோதனையில் தவறில்லை, அவள் எடுத்த முடிவில்தான் தவறு என்பதையும் விளக்கினேன். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாங்க காருல ஏறினப்போ அப்பா...?"

"இல்ல மக்ளே. அதுவரைக்கும் ஒரு சொட்டுகூட இல்ல."

அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. சாயா ஆறி மேலே ஆடை படிந்தது. வளைவில் பஸ்கள் போயின, வந்தன. முற்றத்தில் வெயில் நகர்ந்து என் காலைத் தொட்டது. இவ்வளவு நீண்ட, கலப்பில்லாத அமைதி தாசையனுக்குப் பிறகு என் வீட்டுக்கு அன்றுதான் வந்தது. பிறகு அவள் எழுந்தாள். ஷெட்டுக்குப் போய்த் திரையோடு அந்தப் பெட்டியை வயரைப் பிடுங்கி எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நிறத்தை அப்போது பார்த்து வைத்திருக்கலாம், தோன்றவில்லை.

தாசையன் சபைக் கல்லறையில் இருக்கிறான். கல் இன்னும் வைக்கவில்லை. சாராம்மா வெள்ளறடையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மகள் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அவள் எந்த சுவிட்சையும் தொடுவதில்லை என்றும், இருட்டினால் வேறு யாராவது விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். ராஜையா இரண்டு முறை என் வாசலில் வந்து நின்றுவிட்டு உள்ளே வராமல் போனார். பிரேமகுமாரி அனுமோள் வந்து போன அன்றே தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அனுமோள் படிப்பை நிறுத்திவிட்டாள். அவளும் ராஜையாவும் அந்தப் பெட்டியோடு போலீசுக்குப் போயிருப்பதாக நேற்று பால்காரன் சொன்னான். வருகிறவர்களிடமும் இதையே சொல்வேன். நான் ஒரு கம்பியைப் பற்றவைக்காமல் விட்டேன், அதனால் ஒரு மனிதன் செத்தான், அவன் சாவான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஷெட்டிலிருந்த இரண்டு நாற்காலிகளையும் என் முற்றத்துக்குக் கொண்டுவந்து துடைத்துப் போட்டிருக்கிறேன். அனுமோள் மறுபடி வருவாள் என்று நினைக்கிறேன், அப்பாவைப் போலவே அவளுக்கும் பேசாமல் இருக்கத் தெரிகிறது.